ராத்திரியைத் தொலைத்த ஊர்

உங்கள் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு ஏ.சி. நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? முதலில் திட்டுவீர்கள். யாரை என்பது அவரவர் இஷ்டம். அப்புறம் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பீர்கள். கொசு வரும், பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் வரும். ஆனாலும் உள்ளே இருக்கிற காற்றைவிட வெளியே இருக்கிற காற்று கொஞ்சமாவது தேவலை என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. சூரியன் போனால் சூடும் போகும். அது நமக்கும் சூரியனுக்கும் உள்ள பழைய ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் செல்லுபடியாகாத ஒரு ராத்திரியைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன்.

2023 ஜூலை. நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தோம். அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லர் என்கிற ஊர். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் சிப் செய்கிற கம்பெனியில் வேலை. சுற்றிலும் பாலைவனம். வருஷத்துக்கு மொத்தமே இருபது சென்டிமீட்டர் மழை வந்தால் பெரிய விஷயம். 'ஜூலையில் போய் யாராவது அங்கே இறங்குவார்களா?' என்று கேட்பீர்கள். பேத்திக்கு அப்போதுதான் பள்ளிக்கூட லீவு. தாத்தா பாட்டிகளின் காலண்டரைப் பேரப்பிள்ளைகள்தான் அச்சடிக்கிறார்கள்.

ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. நள்ளிரவு தாண்டி வீட்டுப் பக்கவாட்டில் இருந்த பெரிய ஏ.சி. யந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மாப்பிள்ளை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், தட்டினார், சுவிட்சை அணைத்துப் போட்டார். அவசர நம்பருக்குப் போன் செய்தார். உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்கள், நாளை மதியத்துக்குள் ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்று பதில்.

நான் முப்பது வருஷம் அரசாங்கத்தில் சிவில் இன்ஜினீயராகக் கான்கிரீட்டோடு குடித்தனம் நடத்தியவன். கட்டடங்களைப் பற்றி எனக்குத் தெரியாததா?

“இதுக்குப் போய் ஏம்மா பதர்றே? எல்லா ஜன்னலையும் திற. அரை மணி நேரத்துல ஜில்லுனு ஆயிடும்” என்றேன்.

“அப்பா, வேண்டாம்பா. இங்க அப்படி இல்ல.”

“நீ சும்மா இரு. ராத்திரி காத்து ராத்திரி காத்துதான்.”

திறந்தேன். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் எப்போதாவது நின்றிருக்கிறீர்களா? முகத்தில் அறைகிற மாதிரி ஒரு சூடு வருமே, அதுதான் வந்தது. ஹாலில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரில் அதுவரை 33. ஜன்னலைத் திறந்த கால் மணி நேரத்தில் 36. என் வாழ்க்கையில் ஜன்னலைத் திறந்து வீட்டைச் சூடாக்கியது அதுதான் முதல் தடவை. மகள் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு வந்தாள்.

இரண்டு மணிக்கு மனைவி சோபாவில் உட்கார்ந்தபடி, “என்னங்க, எனக்கு ஒரு மாதிரி வருது” என்றாள். அவளுக்கு பி.பி., சுகர் இரண்டும் உண்டு. தொட்டுப் பார்த்தேன். வியர்வையே இல்லை, தோல் காய்ந்து சுட்டது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. எல்லோரும் காரில் ஏறினோம். ஓடுகிற ஏ.சி. அந்த நேரத்தில் அங்கேதான் இருந்தது. ஈரத்துண்டை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாய் வாயாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, ஓட்டல் ஓட்டலாகத் தேடினோம். மூன்றாவது ஓட்டலில் ரூம் கிடைத்தது. 180 டாலர். அந்த நிலைமையிலும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த என் புத்தியை என்னவென்று சொல்ல? மூன்றரை மணிக்கு அவள் கண்ணைத் திறந்து, “ஓட்டல்ல காபி குடுப்பாங்களா?” என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காலையில் செய்தியைப் பார்த்தால், நாங்கள் சரித்திரத்தில் இடம்பிடித்திருந்தோம். முந்தைய நாளோடு பீனிக்ஸில் 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது நம் கணக்கில் 43.3 டிகிரி, தொடர்ந்து 19 நாள். 1974-ல் 18 நாள் இருந்ததுதான் அதற்கு முந்தைய ரிக்கார்டு. (அந்த வருஷம் அது 31 நாள் வரைக்கும் போய்த்தான் நின்றது.) ஆனால் என்னை உட்காரவைத்த செய்தி அது இல்லை. ஜூலை 19 விடியற்காலை பீனிக்ஸ் விமான நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பம் 97 ஃபாரன்ஹீட். 36 டிகிரி. குறைந்தபட்சம்! அந்த ஊரில் கணக்கு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு சூடான ராத்திரி வந்ததில்லை. நான் ஜன்னலைத் திறப்பதற்கு அந்த ராத்திரியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

'பாலைவனம் என்றால் அப்படித்தானே இருக்கும்?' என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பாலைவனம் அப்படி இருக்காது. பகலில் வறுத்து எடுக்கும், ராத்திரியில் போர்வை தேட வைக்கும் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது உண்மையும்கூட. காய்ந்த மணலுக்குள் நிறையக் காற்று இருப்பதால் சூடு கீழே இறங்காது. மேல் தோல் மட்டும் கொதிக்கும். ஒரு சாண் தோண்டினால் உள்ளே சாந்தமாக இருக்கும். சூரியன் இறங்கியதும், மேகமில்லாத, ஈரமில்லாத வானத்துக்கு அந்தச் சூட்டை மணல் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும். அப்பளம் மாதிரி. பட்டென்று சுடும், பட்டென்று ஆறும்.

கான்கிரீட்டும் தாரும் தோசைக்கல் மாதிரி. அடுப்பை அணைத்து அரை மணி நேரம் கழித்துக் கை வைத்தாலும் பழிவாங்கும். பகல் முழுக்க சூட்டை உள்ளே உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, ராத்திரி பூரா தவணை முறையில் விடும். எதிரும் புதிருமாகச் சுவர்கள் நின்றால் இன்னும் மோசம். ஒரு சுவர் விட்ட சூட்டை இன்னொரு சுவர் வாங்கிக்கொள்ளும். வானத்தைப் பார்க்க இடமில்லாத சூடு வேறெங்கே போகும்?

மாப்பிள்ளையிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பயப்படாதீர்கள். கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றியில் குறிபார்ப்பார்களே, அந்த ஜாதி. இது சமையலறைக்கானது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வாங்கியிருக்கிறார். (நாமெல்லாம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதை அமெரிக்காவில் பேட்டரி போட்டுப் பார்க்கிறார்கள்.) ஏ.சி. சரியான பிறகு நான் அதை எடுத்துக்கொண்டு பேத்தியோடு தெருவில் இறங்கினேன். தாத்தா எதைக் குறிபார்த்தாலும் அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

மதியம் மூன்று மணி. தார் ரோடு: 69. வாசல் கான்கிரீட்: 58. தண்ணீரை மிச்சம் பண்ணுவதற்காகப் புல்லை எடுத்துவிட்டு ஜல்லி பரப்பியிருந்த பக்கத்து வீட்டு வாசல்: 62. தெருமுனைப் பூங்காவில், மர நிழலில், தண்ணீர் பாய்ச்சிய புல்: 34.

“தாத்தா, ஒரே தெரு, ஒரே வெயில். எப்படி டபுள் ஆகும்?” என்றாள் பேத்தி.

நல்ல கேள்வி. பேப்பரில் நாம் படிக்கிற வெப்பநிலை காற்றினுடையது. தரையிலிருந்து ஆள் உயரத்தில், நிழலில் வைத்து அளப்பது. தரையின் தோலுக்குத் தனி வெப்பநிலை உண்டு. விஞ்ஞானிகள் அதைத் தரைப்பரப்பு வெப்பநிலை என்கிறார்கள். ஒரே வெயில் அடித்தாலும் தரை அதை எப்படிச் செலவு செய்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஈரமான தரை, வெயிலில் பெரும்பங்கைத் தண்ணீரை ஆவியாக்கவே செலவழித்துவிடும். மண்பானை செய்கிற அதே வேலை. காய்ந்த தரைக்குச் செலவு செய்ய வழியில்லை. சூடாகத்தான் வேண்டும்.

இந்தத் தோல் சூட்டை வானத்திலிருந்தே அளக்கலாம். 1980-களிலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. 2018-ல் நாசா 'எக்கோஸ்ட்ரெஸ்' என்று ஒரு கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தியது. மாப்பிள்ளையின் துப்பாக்கிக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மட்டுமல்ல, ராத்திரியிலும் பார்க்கும். 2024 ஜூன் மாதம் ஒரு மதியத்தில் அது எடுத்த படத்தில் பீனிக்ஸின் ரோடுகள் 49 டிகிரியையும் தாண்டிச் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. அந்த ஊர் தீக்காய ஆஸ்பத்திரிக்குக் கோடையில் வருகிற நோயாளிகளில் ஒரு பகுதி, ரோட்டில் தடுக்கி விழுந்தவர்கள். நெருப்பே இல்லாத தீக்காயம். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தில் குதித்து ஓடியிருக்கிறோம், நமக்குப் புரியும். விழுந்து எழுந்திருக்க முடியாத வயசானவர்களை நினைத்துப் பாருங்கள்.

வானத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. சென்னையோ லண்டனோ, பகலில் எடுத்த படத்தில் ஊர் சூடாகவும் சுற்றியுள்ள வயல்வெளி குளிர்ச்சியாகவும் தெரியும். பாலைவன ஊரில் பல சமயம் தலைகீழ். நடுப்பகலில் சுற்றியுள்ள வெறும் மண்தான் அதிகம் கொதிக்கும். புல்லும் மரமும் நீச்சல் குளமுமாக இருக்கிற ஊர்ப் பகுதி அதைவிடக் குளிர்ச்சி. பீனிக்ஸ் அப்படி. அபுதாபியும் அப்படி என்று அங்குள்ள மஸ்தார் கல்வி நிலைய ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் எழுதினார்கள். பகலில் நகர மையம் புறநகரைவிடக் குளிர்ச்சி, ராத்திரி ஆனால் அதே மையம்தான் சூடு.

'அப்புறம் என்ன, ஊர் கட்டினது நல்லதுதானே?' பகல் படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ராத்திரிப் படத்தைப் பார்த்தால்தான் கணக்கு புரியும். பாலைவனம் பகலில் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆறிப்போயிருக்கும். ஊர் மட்டும் அணைக்காத அடுப்பு மாதிரி தெரியும்.

இதைப் படத்தில் பார்ப்பது வேறு, தோலில் உணர்வது வேறு. ஒரு ராத்திரி மாப்பிள்ளை எங்களைக் காரில் கிழக்கே அழைத்துப் போனார். சூப்பர்ஸ்டிஷன் மலை என்று ஒரு மலைத்தொடர், அதன் அடிவாரம் வரை. ஊரைத் தாண்டத் தாண்ட காரின் தெர்மாமீட்டர் ஒவ்வொரு எண்ணாக இறங்கிக்கொண்டே வந்தது. கிளம்பும்போது 39. கடைசி வீடு, கடைசிப் பெட்ரோல் பங்க் எல்லாம் போய், இருட்டும் கள்ளிச்செடியும் மட்டும் இருந்த இடத்தில் 34. இறங்கினோம். பத்தரை மணி. மணலைக் குறிபார்த்தேன்: 31. மதியம் அறுபதுக்கு மேல் கொதித்திருக்க வேண்டிய மணல். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றாள். “நம்ம மொட்டை மாடி மாதிரி இருக்குங்க” என்றாள். தேள் இருக்கும் என்று மகள் கத்தியதால் அந்தச் சுகம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

திரும்பி வந்து வீட்டுக் காம்பவுண்டு சுவரைக் குறிபார்த்தேன். மணி பதினொன்றரை. 42. உள்ளங்கையை வைத்தேன். ஜுரம் வந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது.

அந்தச் சுவர் எனக்குப் பழைய சிநேகிதம். மகள் கல்யாணமாகி அங்கே குடிவந்த 2004-ல் முதல் தடவை போயிருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பருத்தி வயல். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வயல் ஓரமாக நடப்பேன். தண்ணீர் பாய்ச்சிய நாளில் வேலியோரம் போனாலே முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று இருக்கும். ஜூன் மாதம், பாலைவனம், ஆனாலும் ஒன்பது மணிக்கு நிம்மதியாக நடக்க முடிந்தது. இப்போது அந்த இடத்தில் முப்பது நாற்பது வீடுகள், ஒரு கடைத்தொகுதி, அதற்கு முன்னால் ஒரு கார் நிறுத்துமிடம். கால்வாய் மட்டும் இன்னும் ஓடுகிறது. அந்த ஊரின் கால்வாய்களுக்கு வயசு அதிகம். ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே வெட்டிய வாய்க்கால் தடங்களில்தான் பிற்பாடு வந்தவர்களும் வெட்டினார்கள்.

1950-ல் பீனிக்ஸ் நகரத்தின் ஜனத்தொகை ஒரு லட்சத்து ஏழாயிரம். இன்றைக்குப் பதினாறு லட்சத்துக்கு மேல். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் அரை கோடி. ஏ.சி. வருவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோடையில் வலையடித்த தாழ்வாரத்தில் கட்டில் போட்டு, ஈர விரிப்பைச் சுற்றிக்கொண்டு தூங்கினார்களாம். நாம் சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்த மாதிரிதான். அது சாத்தியமாக இருந்ததற்குக் காரணம், ராத்திரி ஆறுகிற ராத்திரியாக இருந்தது. பூமி முழுக்கச் சூடேறிவருவதும் இதில் சேர்த்திதான். ஆனால் உள்ளூர்ச் சூட்டை ஊரேதான் தயாரித்தது. வயல் போய் வீடு வந்த இடத்தில் பகல், ராத்திரி இரண்டுமே சூடாயின. வெறும் மணல் போய் வீடு வந்த இடத்தில் ராத்திரி சூடானது. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் ராத்திரிக்கு.

இதில் ஏ.சி.யின் பங்கும் உண்டு. ஏ.சி. சூட்டை ஒழிப்பதில்லை. உள்ளே இருப்பதை அள்ளி வெளியே கொட்டுகிறது, குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டுகிற மாதிரி. பீனிக்ஸின் ஏ.சி.கள் எல்லாம் சேர்ந்து கொட்டுகிற சூடு, ராத்திரியில் சில பகுதிகளில் காற்றின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸுக்கும் மேல் உயர்த்துகிறது என்று அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் திறந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததில் கொஞ்சம், தெருவில் உள்ள மற்ற வீடுகளின் படுக்கையறைச் சூடு.

இதுவரை சொன்னது பௌதிகம். இனிமேல் சொல்லப்போவது வேறு.

அதே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கணக்கும் போட்டார்கள். 2007-ல் வெளிவந்தது. செயற்கைக்கோள் அளந்த தரைச் சூட்டையும் அந்தந்தப் பகுதிக் குடும்பங்களின் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோடையின் ஆரம்பத்தில் ஒரு நாள். ஆண்டு வருமானம் பத்தாயிரம் டாலர் ஏற ஏற, அந்தப் பகுதியின் தரைச் சூடு 0.28 டிகிரி இறங்கிக்கொண்டே போனது. பணக்காரப் பகுதியில் புல் இருக்கும், மரம் இருக்கும், இரண்டுக்கும் ஊற்றத் தண்ணீர் இருக்கும். ஏழைப் பகுதியில் கான்கிரீட், காய்ந்த மண், தகர வீடு. பாலைவனத்தில் குளிர்ச்சி என்பது தண்ணீருக்கும் கரண்டுக்கும் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. முன்பெல்லாம் ராத்திரி மட்டும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஊர் வளர்ந்தபோது அந்த இலவசம் நின்றுபோனது.

2018 செப்டம்பரில் பீனிக்ஸின் புறநகர் ஒன்றில் 72 வயது மூதாட்டி ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே வெப்பத்தால் இறந்துபோனார். கரண்ட் பில் பாக்கி என்று இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். அன்று வெளியே 107 ஃபாரன்ஹீட். பில்லில் பெரும்பகுதியை அவர் முன்பே கட்டியிருந்தார். மிச்சம் இருந்த பாக்கி 51 டாலர்.

நான் ஓட்டலுக்குக் கொடுத்தது 180.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் மனைவி காபி கேட்டாளே, அதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. மாப்பிள்ளையின் கிரெடிட் கார்டு. அந்த மூதாட்டியின் மரணத்துக்குப் பிறகு, 2019-ல், அரிசோனாவில் கோடை மாதங்களில் மின் இணைப்பைத் துண்டிக்கத் தடை போட்டார்கள். நல்லது. ஆனால் இணைப்பைத் துண்டிப்பதற்கு மட்டும் தடை போட்டால் போதுமா? யந்திரம் பழுதானால்? வீடே இல்லையென்றால்? நாங்கள் இருந்த அந்த 2023-ல் பீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுண்டியில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீடில்லாதவர்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஏ.சி. இருந்தது. ஓடவில்லை. அடுத்த வருஷம், 2024-ல், 100 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத பகல்கள் தொடர்ந்து 113 நாள். மரணங்கள் 608.

ஊர்க்காரர்கள் சும்மா இல்லை. 2021-ல் பீனிக்ஸ் மாநகராட்சி வெப்பத்துக்கென்றே தனி அலுவலகம் திறந்தது. அதற்கு முந்தைய வருஷம் ரோடுகளுக்கு வெளிர் நிறத்தில் ஒரு பூச்சு பூச ஆரம்பித்தார்கள். அளந்து பார்த்தால் மதியத்தில் ரோட்டின் தோல் சூடு ஆறு டிகிரி போலக் குறைந்தது. சபாஷ்! ஆனால் ரோடு திருப்பியடித்த வெயில், அதில் நடக்கிற மனுஷன் மேல் விழுந்தது. நடுப்பகலில் அவன் உடம்பு உணர்கிற சூடு மூன்று டிகிரி கூடியது. ரோட்டுக்கு ஜுரம் இறங்கி ஆளுக்கு ஏறிவிட்டது. ராத்திரிக் காற்று கொஞ்சூண்டு குறைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஊர் முழுக்கப் புல் போட்டுவிடலாமே? தண்ணீர்? 2023 ஜூன் மாதம்தான் அரிசோனா அரசாங்கம் ஒரு அறிவிப்பு செய்திருந்தது. நிலத்தடி நீரை மட்டுமே நம்பிப் பீனிக்ஸ் பகுதியில் இனிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி கிடையாது என்று. பக்கத்து வீட்டுக்காரர் ஜல்லி போட்டதில் தப்பில்லை. தண்ணீரை மிச்சம் பிடித்தார், சூட்டை வாங்கினார். அந்த ஊரில் எதை மிச்சம் பிடித்தாலும் இன்னொன்றில் செலவாகிறது.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம், நிழல். அதிகம் தண்ணீர் கேட்காத பாலைவன மரங்களின் நிழல். அதில் முக்கியமான ஒரு மரத்தை மாப்பிள்ளை காட்டினார். மெஸ்கீட். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று கிட்டப் போனேன். முள், சின்னச் சின்ன இலை, நீளக் காய். சந்தேகமே இல்லை, நம் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட அண்ணன். நம் ஊரில் கோர்ட் உத்தரவு வாங்கி வேரோடு பிடுங்கிய ஜாதி. அது சொந்த ஊரில் ராஜ மரியாதையோடு பஸ் ஸ்டாப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. மரத்தடியில் மண்ணைக் குறிபார்த்தேன். மதியம் மூன்றரைக்கு 41. இரண்டடி தள்ளி வெயிலில் 63. இதற்கு யாரும் கரண்ட் பில் கட்டவில்லை.

முப்பது வருஷத்தில் நான் எத்தனை ஆயிரம் கன மீட்டர் கான்கிரீட் போட்டிருப்பேன் என்று ஓட்டல் ரூமில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன். கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து “தண்ணி காட்டினியா? தண்ணி காட்டினியா?” என்று மேஸ்திரியைப் பிடுங்கி எடுப்பேன். இல்லாவிட்டால் வெடித்துவிடும். கான்கிரீட் தாகத்துக்கு அவ்வளவு கவலைப்பட்டவன், அதற்குக் கீழே மூடிவைத்த மண்ணின் தாகத்தை ஒரு நாள்கூட நினைத்ததில்லை. ஒரு எஸ்டிமேட்டிலாவது 'ராத்திரி' என்று ஒரு அயிட்டம் இருந்ததா? அதற்கு ரேட் யாருக்கும் தெரியாது. அதனால் எழுதவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த அன்றைக்கு மனைவி செய்த முதல் காரியம், படுக்கையறை ஜன்னலைத் திறந்தது. காற்று வந்தது. கொசுவும் வந்தது. “வரட்டும்” என்றாள்.

இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே போய் உங்கள் வீட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். அப்படியே நகர்ந்து, பக்கத்தில் ஏதாவது மரம் இருந்தால், அதன் கீழே உள்ள மண்ணிலும் வையுங்கள். துப்பாக்கியெல்லாம் வேண்டாம், கை போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஊரில் இன்னும் மிச்சமிருக்கிற ராத்திரி. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தால் கவலைப்படாதீர்கள். அவருடைய ஜன்னல் இன்னும் திறந்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.